ஏறுவது ஒருவர், ஏற்றிச் செல்வது இன்னொருவர்

2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தது. அன்று மாலை காற்று ஓய்ந்தபோது, ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் சாலையில் நடக்கக்கூட வழி இல்லை. தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, இயல்வாகை என்று நிழலுக்காக வைத்த பெரிய மரங்கள்தான் முதலில் சாய்ந்தன. மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்கள் பாதி வேலை செய்யவில்லை. ஆனாலும் மறுநாள் விடிவதற்குள் என் சித்தப்பாவைத் தேடி வீட்டு வாசலில் நான்கு பேர் நின்றார்கள். ஒருவர் வீட்டின் மேல் மரம் கிடந்தது, இன்னொருவருடைய கார் மரத்தின் அடியில் கிடந்தது.

சித்தப்பா மரம் ஏறுபவர். அரிவாள், கோடாரி, ஒரு வடம். அதுவரை அவ்வளவுதான் அவருடைய முதல். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் அவர் தூங்கியது குறைவு. எங்கள் தெருவிலிருந்தே ஏழெட்டுப் பேர் அவரோடு போனார்கள். எல்லோர் கையிலும் காசு புரண்டது. ஆனால் அந்த வேலை முடிந்து கணக்குப் பார்த்த ராத்திரி அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

“வண்டி வச்சிருக்கிறவன்தான்டா மரம் வெட்றவன். நான் மரம் ஏறுறவன். ரெண்டும் வேற.”

சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும், மரத்தின் மேல் நிற்பவர் யார், கீழே பில் போடுபவர் யார் என்று ஒரு வாரம் கவனித்தால் போதும். மேலே நிற்பவர் பெரும்பாலும் நம் சேரிக்காரர். கீழே நிற்பவரிடம் லாரி இருக்கிறது. உயரத்துக்கான கூலி அன்றைக்கே தீர்ந்துபோகும். விறகுக்கும் பலகைக்கும் கிடைக்கும் காசு லாரியோடு போய்விடும்.

இதை எளிதாகக் கணக்குப் பார்க்கலாம். ஒரு வீட்டுக்காரர் வேப்பமரம் ஒன்றை எடுக்கச் சொல்கிறார். ஒப்பந்தம் இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, மரத்தை நீயே எடுத்துக்கொள், கூலி கிடையாது. மற்றது, மரமும் உனக்கு, கூலியும் தருகிறேன், ஆனால் குப்பை இல்லாமல் சுத்தமாக்கிக் கொடு. எந்த விதமானாலும், வெட்டியதை அன்றே அங்கிருந்து அள்ளிக்கொண்டு போக ஒரு வண்டி வேண்டும். பச்சை மரம் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒரு டன் எடை. அதைத் தலையில் சுமக்க முடியாது, மீன்பாடி வண்டியிலும் எத்தனை நடைதான் அடிப்பது? வாடகைக்கு வண்டி பிடித்தால் வண்டிக்காரர் காத்திருக்கும் நேரத்துக்கும் காசு. இந்தச் சங்கடம் தெரிந்த லாரிக்காரர் மரத்தை மொத்தமாகப் பேசி முடித்துவிட்டு, ஏறுபவருக்கு நாள்கூலி என்று ஒரு தொகையைச் சொல்வார். அடிமரம் அறுப்பு மில்லுக்குப் போகும். வேம்பு நிலைக்கும் கட்டிலுக்கும். தூங்குமூஞ்சி பெட்டி செய்ய. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திர பாகங்களை அடுக்கி அனுப்பும் மரப்பெட்டிகளுக்கும் தட்டுகளுக்கும் மலிவான பலகை எப்போதும் தேவை. கிளை விறகாகும். தழை மட்டும் யாருக்கும் வேண்டாம். அதை அள்ளும் வேலையும் ஏறியவருக்கே.

மரம் எப்போதுமே நம்மைத் தேடி வந்த வேலைதான், நம்முடைய சொத்தாக இருந்ததில்லை. இந்தப் பகுதி முழுவதும் பழைய செங்கல்பட்டு மாவட்டம். 1891-ல் அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், சேரிகளில் குடியிருப்பவர்களுக்குத் தாங்கள் குடியிருக்கும் மனையே சொந்தமில்லை என்பதைப் பெரிதாக எழுதினார். அதைத் தொடர்ந்துதான் 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலம் என்ன ஆனது என்பது இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குப் புதிதல்ல. நான் சொல்ல வருவது வேறு. மனை சொந்தமில்லாதவருக்கு வாசலில் நிற்கும் முருங்கையும் சொந்தமில்லை. காற்றில் விழுந்த மரத்தை அகற்று என்று கூப்பிட்டால் போக வேண்டும். விழுந்த மரம் யாருடையது என்று கேட்க முடியாது. நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் வால் எங்கே நீண்டிருக்கிறது என்பதைச் சித்தப்பா ஒரு வங்கியில் கண்டார்.

பத்திரம் எங்கே?

வர்தாவில் சம்பாதித்ததில் அவர் முதலில் வாங்கியது ஒரு பவர் சா. அடுத்தது வண்டி என்று முடிவு. ஊரே குட்டியானை என்று கூப்பிடும் சின்ன டாடா ஏஸ் வண்டி, அதுவும் பழையது. 2005-ல் சந்தைக்கு வந்த அந்த வண்டி எத்தனையோ கூலிக்காரர்களை முதலாளி ஆக்கியிருக்கிறது. குறுகலான தெருவுக்குள் நுழையும், திருப்ப இடம் வேண்டாம், முக்கால் டன் தாங்கும். சித்தப்பா சாதிச் சான்றிதழ், ஆதார், ரேஷன் அட்டை எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். என்ன தொழில் என்று கேட்டார். கடைசியில், “சொந்த வீட்டுப் பத்திரம் இருக்கா?” என்றார். சித்தப்பா குடியிருப்பது ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த மனை. நிபந்தனைப் பட்டா, அதுவும் தாத்தா பெயரில். விற்க முடியாத மனைக்கு வங்கியில் மதிப்பில்லை. “பத்திரம் இல்லாம எப்படிங்க?” என்று அவர் சிரித்தார். எழுந்து வந்துவிட்டோம்.

அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தெரியாத ஒன்று உண்டு. சிறு, குறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குப் பிணையச் சொத்து கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது. அந்தக் கடனுக்கு உத்தரவாதம் கொடுக்க 2000-லிருந்து ஓர் அறக்கட்டளையே இயங்குகிறது. 2015-ல் வந்த முத்ரா கடனும் பிணையம் இல்லாததுதான். சித்தப்பா கேட்டது இதில் ஒரு பங்குகூட இல்லை. ‘எழுத்துப்பூர்வமாக மறுப்புக் கொடுங்கள்’ என்று அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். இதை வாசிக்கும் தம்பிகளுக்காகச் சொல்கிறேன்: வாய்ச் சொல்லாக மறுத்தால் எழுந்து வராதீர்கள். விண்ணப்பத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

சித்தப்பா தனியார் ஃபைனான்ஸில் வண்டி எடுத்தார். வட்டி அதிகம். மூன்று வருடம் அவர் மரத்தில் ஏறியது பெரும்பாலும் அந்தத் தவணைக்காகத்தான். ஒருமுறை கால் பிசகி இரண்டு மாதம் படுத்தபோது, தவணை தவறிய வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சித்தியின் கம்மலை வைத்து மீட்டோம். ஆனாலும் வண்டி வந்த பிறகு அவர் மரத்தைப் பேசும் விதமே மாறிவிட்டது. “எவ்ளோ கூலி தருவீங்க?” என்று கேட்டவர், “மரத்தைப் பார்த்துட்டு ரேட் சொல்றேன் சார்” என்று சொல்ல ஆரம்பித்தார்.

வண்டி என்றால் வாங்கியதோடு முடியாது. எஃப்.சி., காப்பீடு, சாலை வரி, பர்மிட். பழைய வண்டிக்கு எஃப்.சி. காட்டும் மாதம் வந்தால் வீட்டில் பேச்சுக் குறைந்துவிடும். கட்டை ஏற்றும் வண்டியின் பின் பலகை சீக்கிரம் உடையும். பாரம் மிஞ்சினால் பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங், முறியும். பச்சை மரத்தைப் பார்வையால் எடை போடுவதும் ஒரு படிப்புதான். காய்ந்த விறகு என்று நினைத்து அடுக்கிவிட்டு, திருவேற்காடு பக்கம் நடுவழியில் நின்ற நாள் உண்டு.

ரம்பமும் வடமும்

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உயிர் அதில்தான் தொங்குகிறது.

பவர் சா வந்த பிறகு வேலை வேகமானது, காயமும் பெரிதானது. அரிவாள் வெட்டினால் தையல் போடலாம். ஓடும் சங்கிலி தசையைப் பிய்த்துவிடும். இந்த ரம்பங்கள் பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில், அதாவது ஐம்பதுக்கு ஒன்று, என்பது நல்ல கம்பெனி ஆயிலுக்கான பொதுக் கணக்கு. ஆயிலைக் கண் அளவில் ஊற்றினால் குறைந்த அன்று பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், கூடிய அன்று புகை கக்கி நிற்கும். சங்கிலிக்குத் தனி ஆயில். பலர் பழைய என்ஜின் ஆயிலை ஊற்றுகிறார்கள். பார் சீக்கிரம் தேயும் என்பது ஒருபுறம், அந்தக் கருப்பு ஆயில் முகத்திலும் கையிலும் நாள் முழுக்கத் தெறிக்கிறது. அது உடம்புக்கு ஆகாது. சங்கிலியை உருண்டை அரம் போட்டு அடிக்கடி தீட்ட வேண்டும். மழுங்கிய சங்கிலி மாவு மாதிரி தூளைக் கொட்டும். தீட்டியது சிராய் சிராயாகத் தள்ளும். தூளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது பாரின் மூக்கு. சுற்றிக்கொண்டிருக்கும் ரம்பத்தின் நுனியில் மேல் பாதி எதிலாவது பட்டால், கண் இமைப்பதற்குள் அது எகிறி ஆளின் முகத்தை நோக்கி வரும். நிறுத்த நேரம் கிடையாது. முன்னால் இருக்கும் கைக்காப்புதான் சங்கிலியை நிறுத்தும் பிரேக். சந்தையில் கிடைக்கும் மலிவு ரம்பங்கள் சிலவற்றில் அது பேருக்குத்தான் இருக்கிறது. ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ரம்பத்தை ஓட்டுவது, தோளுக்கு மேல் தூக்கி அறுப்பது இரண்டும் கூடாது. நம் ஆட்கள் தினமும் செய்வது இரண்டும்தான்.

அடுத்தது வடம். தேங்காய் நார் வடம் கைக்கு நன்றாகப் பிடிக்கும், மழையில் நனைந்து உள்ளே அழுகினால் வெளியே தெரியாது. நைலான் அழுகாது, ஆனால் இழுபடும். வெயிலில் கிடந்து விறைத்தால் நம்பக் கூடாது. கிளையை இறக்கும் கயிறும் ஆளைத் தாங்கும் கயிறும் ஒன்றாக இருக்கவே கூடாது. பெரிய கிளையை அப்படியே கீழே போட முடியாத இடங்கள்தான் புறநகரில் அதிகம்: ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நடுவில் கேபிள். அப்போது கிளையைக் கட்டி, கயிற்றை மேலே ஒரு கவட்டையில் போட்டு, கீழே அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பிடிக்க வேண்டும். சுற்றின் உரசலே பாரத்தில் பெரும் பங்கைத் தாங்கிக்கொள்ளும். கையில் மட்டும் பிடித்தால் கயிறு ஆளையும் இழுத்துக்கொண்டு மேலே போகும்.

கட்டட வேலைக்கு விற்கும் சேஃப்டி பெல்ட்டை மரத்துக்கு மாட்டிப் பார்த்தோம். கொக்கி முதுகுப் பக்கம் இருப்பதால் ஏறும்போது கிளையில் சிக்குகிறது. இடுப்பில் இரண்டு பக்கமும் வளையம் உள்ளதுதான் மரத்துக்கு ஏற்றது. விலை கூடுதல். ஆனால் ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவைவிட அதிகமில்லை.

வெட்டும் முறைக்கும் ஒரு வார்த்தை. பெரிய கிளையை மேலிருந்து ஒரே வெட்டில் அறுத்தால், பாதியில் முறிந்து பட்டையை அடிவரை கிழித்துக்கொண்டு இறங்கும். முதலில் கொஞ்சம் தள்ளிக் கீழ்ப்புறம் ஒரு வெட்டு. அதற்கும் வெளியே மேற்புறம் வெட்டு. கிளை விழுந்த பின் மிச்சக் கட்டையை, கிளை தொடங்கும் இடத்தில் இருக்கும் புடைப்பைத் தொடாமல் எடுக்க வேண்டும். அந்தப் புடைப்பிலிருந்துதான் மரம் தன் காயத்தை மூடும். வெளிநாடுகளில் இதற்கென்றே படித்தவரை மர அறுவைச் சிகிச்சை நிபுணர் என்கிறார்கள். “மொட்டை அடிச்சிடுப்பா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்கிற வீட்டுக்காரருக்கு அவர் வேண்டாம் என்று சொல்வார், அந்தச் சொல்லுக்கும் ஃபீஸ் வாங்குவார். மொட்டையடித்த மரத்தில் கொத்துக்கொத்தாக வரும் துளிர் பிடிமானம் இல்லாதது. சில வருடத்தில் அதுவே முறிந்து தலையில் விழும். இது சித்தப்பாவுக்கும் தெரியும். அரிவாளின் பின்புறத்தால் அடிமரத்தைத் தட்டி, சத்தத்தை வைத்து உள்ளே பொந்து இருக்கிறதா என்று சொல்வார். வேர்ப் பக்கம் காளான் தட்டு கட்டியிருந்தால் ஏற மாட்டார். அவருடைய இந்த அறிவுக்கு யாரும் ஃபீஸ் கொடுத்ததில்லை. ‘மரம் வெட்ற ஆளு’ அறிவுரை சொன்னால் கேட்கிற பழக்கம் இன்னும் வரவில்லை.

வர்தாவில் விழுந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று புரிந்திருக்கும். மழைநீர்க் கால்வாய்க்கும் கேபிளுக்கும் தோண்டியபோது ஒரு பக்க வேரை அறுத்துவிட்டு, மீதியைச் சுற்றிக் கான்கிரீட் போட்டிருந்தார்கள். அந்த மரம் எப்படி நிற்கும்?

கம்பி

விழுந்து சாவதைப் போலவே மின்சாரத்தில் சாவதும் இந்தத் தொழிலில் உண்டு. பச்சைத் தென்னை மட்டை ஒன்று கம்பியில் பட்டால் போதும், அதில் இருக்கும் ஈரமே மின்சாரத்தைக் கடத்திவிடும். கம்பிக்குப் பக்கத்தில் வேலை என்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, லைனை நிறுத்திய பிறகுதான் ஏற வேண்டும். “ஒரு நிமிஷ வேலைதானே” என்று வீட்டுக்காரர் அவசரப்படுத்துவார். மின்கம்பிக்கு இடைஞ்சலான மரத்தை அகற்றும் அதிகாரம் எவரிடம் இருக்கிறது என்பதை 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68-வது பிரிவு சொல்கிறது. அது கூலிக்காரரின் தலையில் விழும் பொறுப்பல்ல. லைன் நிறுத்தியிருந்தாலும் பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்து தவறான இணைப்பு வழியாகக் கம்பியில் மின்சாரம் ஏறிவிடலாம். அதனால் நிறுத்திவிட்டோம் என்கிற வாய்ச் சொல்லை மட்டும் நம்பி ஏறாமல், லைன்மேன் நேரில் வந்து சொல்லட்டும்.

யாருக்காவது ஏதாவது ஆனால் என்ன கிடைக்கும்? வீட்டுக்காரர் பயந்துபோய் ஒரு தொகை கொடுப்பார். ஒப்பந்தக்காரர், “அவன் என் ஆள் இல்ல” என்பார். பிறகு நாம்தான் ஆஸ்பத்திரி வாசலில் நிற்போம். ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம் தரும் பிரதமரின் விபத்துக் காப்பீடு எந்த வங்கிக் கணக்கு உள்ளவருக்கும் கிடைக்கும். வயது 18 முதல் 70 வரை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 1982-ம் ஆண்டின் தமிழகச் சட்டத்தின் கீழ் நல வாரியங்கள் இருக்கின்றன. தென்னை ஏறுபவர் என்றால் தென்னை வளர்ச்சி வாரியம் 2011-லிருந்து ‘தென்னை மரங்களின் நண்பர்கள்’ என்ற பெயரில் ஏறும் கருவியோடு ஆறு நாள் பயிற்சி கொடுக்கிறது, காப்பீடும் உண்டு. தென்னைக்கு இருப்பது தூங்குமூஞ்சிக்கு இல்லை. நகரத்து மரம் ஏறுபவருக்கு அப்படியொரு பயிற்சியை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

பையன்கள்

சித்தப்பாவிடம் இப்போது இரண்டு பையன்கள் இருக்கிறார்கள். ஒருவன் ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டவன். இன்னொருவன் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவன். முதல் ஆறு மாதம் யாரையும் மரத்தில் ஏற்ற மாட்டார். கயிறு சுற்று, முடிச்சுப் போடு, சங்கிலி தீட்டு, வண்டியில் அடுக்கு, தெருவில் ஆட்கள் வராமல் பார்த்துக்கொள். பையன்களுக்கு அது பிடிக்காது. ஏறினால்தான் ஆள் என்று நினைக்கிற வயது. “மேல ஏறுறதுக்கு முன்னாடி கீழ நிக்கக் கத்துக்கடா” என்பார்.

பிரிட்டனில் மரத்தின் மேல் ரம்பம் பிடிப்பவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். அங்கே தனியாக யாரும் ஏறுவதில்லை. கீழே நிற்பவர்களில் ஒருவருக்காவது ஏறிப் போய் மேலே மாட்டிக்கொண்டவரை இறக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நடைமுறை. சித்தப்பாவுக்குப் பிரிட்டன் தெரியாது. அவருடைய அண்ணன், என் பெரியப்பா, ஒரு இயல்வாகையின் மேல் மயங்கிக் கயிற்றில் தொங்கியபோது கீழே நின்ற மூன்று பேருக்கும் ஏறத் தெரியவில்லை. தீயணைப்பு வண்டி வரும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியப்பா பிழைத்தார். ஆனால் பிறகு ஏறவில்லை. அதனால்தான் சித்தப்பாவின் ஆட்களில் கீழே ஒருவன் எப்போதும் பெல்ட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டே நிற்கிறான்.

பதினெட்டு நிரம்பாத பையனை அவர் சேர்ப்பதில்லை. இதில் சில உறவினர்களுக்கு வருத்தம். பள்ளிக்கூடம் போகாமல் சுற்றுகிறவனை எடுத்துக்கொள்ளேன் என்று கேட்டு வருவார்கள். அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு என்று திருப்பி அனுப்புவார். இன்னொரு விஷயத்தில் நானும் அவரும் சண்டை போட்டிருக்கிறோம். கற்றுக்கொள்ளும் பையனுக்குச் சாப்பாடும் கைச்செலவும் போதும் என்பது பழைய வழக்கம். அவரையும் அப்படித்தான் வளர்த்தார்கள். அது தப்பு என்பது என் வாதம். கீழே நிற்பவனுக்கும் நாள்கூலி உண்டு, அதை வங்கிக் கணக்கில் போட வேண்டும். இப்போது போடுகிறார். அரை மனதோடுதான்.

சென்னைப் புயல்களில் மரம் அகற்ற முதலில் இறக்கப்படுவது யார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தூய்மைப் பணியாளர்கள். பயிற்சி இல்லை, ஹெல்மெட் இல்லை, சில இடங்களில் கையுறையும் இல்லை. குப்பை அள்ளும் கையே கிளையையும் அள்ளட்டும் என்கிற எண்ணத்தில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியும். வீடுகளிலும் அதே. மரம் வெட்டி முடித்ததும், “அப்படியே அந்தச் செப்டிக் டேங்க் மூடியைக் கொஞ்சம் திறந்து பாரேன்” என்று கேட்கும் வீடு இன்னும் இருக்கிறது. கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் அமர்த்துவதைத் தடை செய்யும் சட்டம் 2013-ல் வந்துவிட்டது. சித்தப்பா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. வண்டியைக் கிளப்பிவிடுவார்.

காகிதம்

வண்டியும் கருவியும் ஆளும் இருந்தாலும் காகிதம் இல்லாவிட்டால் இது தொழிலாக நிற்காது. சித்தப்பா பதினைந்து வருடம் வாங்கியதெல்லாம் ரொக்கம். அவருடைய உழைப்பு எந்த வங்கிக் கணக்கிலும் தெரியவில்லை. ஜிபே வந்த பிறகு மாதாமாதம் எவ்வளவு வந்தது என்பது தானாகப் பதிவாகிறது. ஒரு பில் புத்தகமும் அச்சடித்தோம். 2020 ஜூலையிலிருந்து உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். நிலவனப்புப் பராமரிப்புச் சேவை என்று 8130-ம் எண்ணின் கீழ் பதியலாம். இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டாம்.

அதன் பிறகு கதவுகள் கொஞ்சம் திறக்கின்றன. தமிழக அரசு 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 35 சதவீத முதலீட்டு மானியம் உண்டு, உச்சவரம்பு ஒன்றரைக் கோடி. வட்டியிலும் 6 சதவீதம் அரசு ஏற்கிறது. படிப்புத் தகுதி கேட்பதில்லை. வயது 18 முதல் 55 வரை. மாவட்டத் தொழில் மையம் வழியாகப் போக வேண்டும். ஆவடிக்காரருக்கும் பூந்தமல்லிக்காரருக்கும் அது காக்களூரில். அம்பத்தூர் 2018-ல் சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டதால் அங்குள்ளவர் கிண்டிக்குப் போக வேண்டும். வண்டிக்கும் ரம்பத்துக்கும் கொட்டேஷன் வாங்கி, எவ்வளவு வரும் எவ்வளவு போகும் என்று திட்ட அறிக்கை எழுத வேண்டும். 1974-லிருந்து இருக்கும் தாட்கோவையும் கேட்டுப் பார்க்கலாம்.

ஆவடிக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, சி.ஆர்.பி.எஃப்., விமானப்படை நிலையம் என்று மத்திய அரசின் பெரிய வளாகங்கள் இங்கே நிறைந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மரங்கள். மத்திய அரசு நிறுவனங்கள் தங்கள் கொள்முதலில் 4 சதவீதத்தைப் பட்டியலின, பழங்குடியினரின் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்று 2012-ம் ஆண்டின் ஆணை சொல்கிறது. பொருளுக்கும் சேவைக்கும் அது பொருந்தும். டெண்டர் படிவம் இலவசம், முன்வைப்புத் தொகையிலிருந்தும் விலக்கு உண்டு. நாடு முழுவதும் அந்த 4 சதவீதம் இலக்குக்கு வெகு கீழேயே நிற்கிறது. வாங்க ஆளில்லை என்பார்கள். முன் அனுபவச் சான்று கேட்டால், பதினைந்து வருடம் மரத்தில் நின்றவரிடம் காகிதம் இருக்காது. அவர் ஏறிய மரங்களுக்கான சான்றெல்லாம் லாரிக்காரர் பெயரில் இருக்கும். அதனால்தான் சின்ன வேலையானாலும் பணி ஆணையை எழுத்தில் வாங்கு என்று சித்தப்பாவை நச்சரிக்கிறேன். ஒரு அடுக்குமாடிச் சங்கம் லெட்டர்பேடில் நான்கு வரி எழுதிக் கொடுத்தது. அதை அவர் லேமினேட் செய்து வைத்திருக்கிறார்.

அனுமதி விஷயத்தில் கவனம் வேண்டும். பொது இடத்து மரத்தை யார் சொன்னாலும் தொடக் கூடாது. 2021-லிருந்து ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. அதன் ஒப்புதல் வேண்டும். தேக்கு, சந்தனம் என்றால் சொந்த நிலத்து மரமானாலும் வனத்துறையைக் கேட்காமல் வண்டியில் ஏற்றக் கூடாது. அம்பத்தூர் என்றால் சென்னை மாநகராட்சி, ஆவடி 2019-லிருந்து தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. தெருவைத் தாண்டினால் அலுவலகம் மாறும். அனுமதி வாங்கியாச்சு என்று வீட்டுக்காரர் வாயால் சொல்வார். காகிதத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கு வந்தால் ரம்பமும் வண்டியும்தான் காவல் நிலையத்துக்குப் போகும், வீட்டுக்காரர் போக மாட்டார்.

போன மாதம் அந்தக் குட்டியானையின் கடைசித் தவணை முடிந்தது. பக்கவாட்டில் ‘மரம் வெட்டும் பணி, கிளை கழித்தல்’ என்று எழுதி, போன் நம்பர் போட்டார்கள். முன் கண்ணாடியில் பையன்கள் அம்பேத்கர் படம் ஒட்டினார்கள். ஒட்டும்போது சித்தப்பா கொஞ்சம் யோசித்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு, வழக்கமாகக் கூப்பிடும் இரண்டு வீடுகள் கூப்பிடவில்லை. மரம் வளராமல் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். “படத்தை எடுத்துடலாமா சித்தப்பா?” என்று கேட்டேன்.

“எஃப்.சி.க்கு மட்டும் தொந்தரவு இல்லாம பார்த்துக்கடா. கண்ணாடி மறைக்குதுன்னு சொல்லப் போறான்” என்றவர், படத்தைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி ஒட்டச் சொன்னார். ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று திருமுல்லைவாயலில் காத்திருந்தது. பையன்கள் வடத்தை எடுத்துப் பின்னால் போட்டார்கள்.